இரண்டு டொலர் தொண்ணூற்றொன்பது சதம்

2025 யூன் 10, செவ்வாய்

போயா. பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டு. காலையிலிருந்து ஒரு ஆர்பிஜியோடு, நாமே கதாநாயகனாக நடந்து போகிற கணினி விளையாட்டு ஒன்றோடு, மல்லுக்கட்டினேன். முதல் பத்து நிமிடத்தில் கதாநாயகனின் கிராமம் எரிகிறது. எப்போதும் அப்படித்தான். இந்த விளையாட்டுகளைச் செய்கிறவர்களுக்கு ஊர் எரிவது கதை தொடங்குகிற மணிச்சத்தம். எரிந்ததும் அவன் ஒரு வாளைத் தூக்கிக்கொண்டு உற்சாகமாகப் புறப்படுவான். நிவாரண அட்டைக்கு வரிசையில் நிற்கிற கட்டம் எந்தக் கேமிலும் கிடையாது.

பிறகு தாடி வைத்த ஒருவர் வந்து, "உலகைக் காப்பாயா?" என்று கேட்கிறார். மூன்று பதில்கள். காப்பேன். கோபத்தோடு காப்பேன். என்ன தருவாய், காப்பேன். எதை அழுத்தினாலும் அதே கதவுதான் திறக்கும். நாலாவதாக "எனக்கு ஏலாது" என்று ஒரு பதில் வைக்கிற துணிவு எழுபது டொலர் கேட்கிறவனுக்கு இல்லை.

எழுபது டொலர்! இருபத்தோராயிரம் ரூபாய். என் சம்பளத்தில் மூன்றில் ஒன்றுக்கும் மேல். அமெரிக்காவில் இருக்கிறவனுக்கும் எழுபது, திருகோணமலை டைக் வீதியில் இருக்கிற எனக்கும் எழுபது. கடலுக்கு அந்தப் பக்கம், இராமேஸ்வரத்தில் இருக்கிறவனுக்கு அவனுடைய ரூபாயில் தனி விலை. இரண்டு நாட்டுக்கும் நடுவில் இருப்பது இருபது மைல் தண்ணீர். நான் இதைத் தள்ளுபடியில் பாதி விலைக்கு வாங்கினேன் என்பது வேறு கதை. பாதி விலைக்கும் இது அநியாயம்தான்.

யூன் 12, வியாழன்

நிலாவெளி ஹோட்டல் ஒன்றின் மடிக்கணினி வந்தது. திறந்தால் உள்ளே பச்சையாகப் பூத்துக் கிடக்கிறது. கடலைப் பார்த்தபடி வரவேற்பு மேசையில் இருந்ததாம். உப்புக்காற்று வெள்ளைக்காரனின் முதுகுக்கு நல்லது, மதர்போட்டுக்கு ஆகாது என்றேன். கொண்டுவந்தவர் சிரிக்கவில்லை.

ஜவாஹிர் நானாவின் கடையில் எனக்கு இது ஒன்பதாவது வருடம். பழைய கணினி வாங்குவது, துடைத்து விற்பது, இடையில் திருத்துவது. நானாவின் கொள்கை எளிது. "கொண்டு வாறவன் அவசரத்தில வாறான், வாங்க வாறவன் ஆசையில வாறான். ரெண்டு பேருக்கும் ஒரே விலை சொல்லலாமா தம்பி?" ஆர்பிஜிகளில் வருகிற வியாபாரியும் இதே ஆள்தான். நூற்றிருபது காசுக்கு நமக்கு விற்ற வாளைத் திருப்பிக் கொண்டுபோனால் பன்னிரண்டுக்குக் கேட்பான். அந்த உலகங்களில் நான் நம்புகிற ஒரே பாத்திரம் அவன்தான்.

யூன் 27, வெள்ளி

கோடைக்கால மலிவு விற்பனை தொடங்கிவிட்டது. எங்களுக்கு எந்த மாதம் கோடை இல்லை என்று அந்த இணையக் கடைக்காரனிடம் யாராவது கேட்க வேண்டும்.

மதியம் பின்னறையில் இருந்து, விளையாட்டுகளைப் பற்றிக் கதைக்கிற என் 'டொலரும் வாளும்' பக்கத்துக்கு ஒரு வீடியோ செய்தேன். நூற்றுப் பன்னிரண்டாவது. முகம் காட்டுவதில்லை, குரல் மட்டும். மூன்று விஷயம் சொன்னேன். மலிவு விற்பனைக்கு ஒரு மாதத்துக்கு முன் விலையை ஏற்றிவிட்டுப் பிறகு இறக்குகிற கெட்டித்தனம். 'வாங்கு' என்று பொத்தானில் எழுதியிருந்தாலும் நாம் வாங்குவது விளையாட்டை அல்ல, விளையாடும் அனுமதியை மட்டும்தான் என்பது. பிறகு வழக்கமான என் ஒப்பாரி, இலங்கைக்கு என்று ஒரு நியாய விலை போட எவனுக்கும் மனம் இல்லை என்பது. ஆறாயிரத்து நானூறு பேர் பின்தொடர்கிறார்கள். ஒப்பாரிக்குத்தான் கூட்டம்.

அமெரிக்காவில் இருக்கிற லக்சாயினி அக்கா பிறந்தநாள் காசாக இருபது டொலர் என் கணக்கில் போட்டுவிட்டிருக்கிறா. 2022இல் நாட்டில் டொலர் தீர்ந்தபோது வங்கி என் அட்டையை வெளிநாட்டுக்குச் செல்லாது என்று நிறுத்தியது. அன்றிலிருந்து அக்காவின் அட்டைதான்.

யூலை 6, ஞாயிறு

தமிழில் ஒரு ஆர்பிஜி. நான் கனவு காணவில்லை. 'ஏழாம் இறங்குதுறை' என்று பெயர். எங்கள் துறைமுகம். ஒரு பெண் படகோட்டி, இங்கிருந்து மூதூர்ப் பக்கம் ஆட்களை ஏற்றிப் போகிறாள். படகில் ஏழு இடம். காலையில் துறையில் பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். யாரை ஏற்றுவது, யாரை விடுவது என்று நாம் கதைத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வாள் இல்லை, மந்திரம் இல்லை. பாத்திரங்கள் "ஓம்", "ஏலாது" என்றுதான் கதைக்கிறார்கள். துறையில் ஒரு மான் நின்று சுவரொட்டி தின்கிறது.

எங்கள் டவுன் தெருக்களில் திரிகிற மான்களைப் போலவே அந்த மான் சரியாக இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

விலை பதினாலு டொலர் தொண்ணூற்றொன்பது சதம். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். தமிழில் செய்து, திருகோணமலையைப் படமாகப் போட்டு, அதைத் திருகோணமலைக்காரனுக்கே நாலாயிரத்து ஐந்நூறுக்கு விற்பது. இது யாருடைய மூளை? கம்பனிப் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது. நிச்சயம் வெளிநாட்டுத் தமிழர்தான்.

யூலை 7, திங்கள்

இரண்டு மணித்தியாலம் விளையாடுவதற்கு முன் கேட்டால் அந்த இணையக் கடை காசைத் திருப்பித் தரும். ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் நிறுத்தித் திருப்பிக் கேட்டேன். மதியம் வீடியோ செய்தேன்.

என்ன சொன்னேன்? படகோட்டி நடப்பது ஆமை நடை. சண்டை இல்லாத ஆர்பிஜி சீனி இல்லாத பிளேன்டீ. ஏற்றினாலும் விட்டாலும் ஒன்றும் மாறவில்லை, எல்லாத் தெரிவும் ஒரே கதவு. கடைசியில் வாய் சூடேறிவிட்டது. "டொரொண்டோவில ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இருந்து எங்கட கடலை எங்களுக்கே பதினைஞ்சு டொலருக்கு விக்கினம். இஞ்ச இருக்கிறவனுக்கு ஒரு விலை போட இவைக்குக் கை வரேல்ல. ஒருத்தரும் வாங்காதேங்கோ. வாங்கினவை காசைத் திருப்பிக் கேளுங்கோ. போய் விமர்சனத்தில எழுதுங்கோ."

அருமையாக வந்தது. இரண்டாம் முறை எடுக்கவே தேவைப்படவில்லை.

யூலை 9, புதன்

அறுபதினாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். திரும்பி வந்த காசில் ஒரு வாள் விளையாட்டு வாங்கினேன். முதல் பத்து நிமிடத்தில் கிராமம் எரிந்தது.

யூலை 11, வெள்ளி

முனீப் என்று கிண்ணியாவில் இருந்து ஒருவர் வீடியோவுக்குக் கீழே எழுதியிருக்கிறார்: "அண்ணா, எனக்கு 2.99 டொலர் என்றுதானே காட்டுகிறது." ஒரு ஸ்கிரீன்ஷொட்டும் போட்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கிண்ணியாவுக்கு மட்டும் தனிக் கடை திறந்திருக்கிறார்களோ? எடிட் பண்ணுவதென்றால் வடிவாகப் பண்ணுங்கோ அண்ணை" என்று பதில் போட்டேன். நூற்றெண்பது பேர் சிரித்தார்கள். பின்னேரம் பார்த்தால் அவர் தன் பதிவை அழித்துவிட்டார். பொய் சொல்கிறவன் அழிக்கத்தானே செய்வான்.

யூலை 20, ஞாயிறு

விளையாட்டின் பக்கத்தில் இப்போது சிவப்பு எழுத்தில் 'பெரும்பாலும் எதிர்மறை'. முன்பு ஒன்பது விமர்சனம், எல்லாம் நல்லவை. இப்போது ஐம்பது, அதில் நாற்பத்தொன்று என் ஆட்கள். பாதிப் பேர் என் வசனத்தையே ஹீட்டரோடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள். சந்தோஷமாக இருக்கிறது. ஏன் இவ்வளவு சந்தோஷம்?

சரி, இதில் பொய் எழுதி என்ன பயன். அலுமாரிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கக் கொப்பி ஒன்று கிடக்கிறது. எட்டு வருடமாக நான் எழுதுகிற ஆர்பிஜி. மூன்று அரசர்கள், நாற்பது வாள்கள், ஒவ்வொரு வாளுக்கும் பெயர். ஒரு வரி கூடக் கணினிக்குள் போகவில்லை. அதில் திருகோணமலை இல்லை, டைக் வீதி இல்லை, மான் இல்லை. எல்லாம் பனி பெய்கிற நாடு. நான் பனியைக் கண்டது அக்கா அனுப்பிய படத்தில்.

யாரோ ஒருவர் செய்து முடித்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. அவ்வளவுதான்.

யூலை 25, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எழுதிப் பார்க்கிறேன்.

ஜவாஹிர் நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார். ஒரு பெண் ஓட்டோவில் கணினி ஒன்றைக் கொண்டு வந்து இறக்கினாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். பெயர் கௌசிகா, சாம்பல்தீவு. விற்க வேண்டுமாம். நல்ல சாமான். உப்புப் பிடிக்காமல் இருக்கப் பெட்டிக்கு வெளியே புடவைத்துணியில் உறை தைத்துப் போட்டிருந்தாள். இயங்குகிறதா என்று பார்க்க மின்னைக் கொடுத்தேன். திரையில் துறைமுகம் வந்தது. துறை, படகு, ஏழு இடம். நான் பார்த்த படம், ஆனால் பாதி கீறிய நிலையில், பென்சில் கோடுகளோடு.

"எல்லாத்தையும் அழிச்சிடுங்கோ அண்ணா. எனக்கு வேணுமானதை எடுத்திட்டன்."

"இது நீங்கள் செய்ததோ?"

"ஓம்."

"தனியவோ?"

"ஓம். மூண்டு வருசம்." பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "இன்னொருக்காக் கதையுங்கோ."

நான் கதைக்கவில்லை. கதைக்காமல் நின்றதே போதுமாக இருந்தது அவளுக்கு.

"'டொலரும் வாளும்' நீங்கள்தானே? அந்த வீடியோவை எத்தினை தரம் கேட்டனான் தெரியுமோ? குரல் மனப்பாடம்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா இல்லை. முகத்தை மறைத்து வைத்திருந்தேன், வாயைத் திறந்து வைத்திருந்தேன்.

"பயப்பிடாதேங்கோ, சண்டைக்கு வரேல்ல. இந்தக் கடையில நீங்கள் இருப்பீங்கள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். "நடை மெதுவு எண்டது சரி, வீட்டிலயும் அதைத்தான் சொன்னவை. சண்டை இல்லை எண்டதும் சரி, நான் வேணுமெண்டுதான் வைக்கேல்ல. ஆனா டொரொண்டோவில ஹீட்டர் எண்டீங்கள் பாருங்கோ... எங்கட வீட்டில ஃபானே ஒண்டுதான் அண்ணா."

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "பதினைஞ்சு டொலர் எண்டா இஞ்ச ஆர் வாங்குவினம்?" என்றேன். நியாயம் கேட்கிறாராம் பெரிய மனிதர்.

அவளுக்கு விளங்கவில்லை. "இஞ்சையோ? இலங்கைக்கு ரெண்டு தொண்ணூற்றொன்பதுதானே போட்டனான். வெளிநாட்டுக்காரரிட்ட பதினைஞ்சு வாங்கினா எங்கட ஆக்களுக்குக் குறைக்கலாம் எண்டு கணக்குப் பார்த்துச் செய்தது."

"எனக்குப் பதினாலு தொண்ணூற்றொன்பது எண்டுதான் காட்டினது."

"உங்கட எக்கவுண்ட் எந்த நாடு?"

"இலங்கைதான். டைக் வீதியில இருந்துகொண்டு வேற எந்த நாடு?"

"ஒருக்காப் பாருங்கோ."

கைபேசியில் திறந்து பார்த்தேன். கணக்கு விபரம். நாடு: ஐக்கிய அமெரிக்கா.

அவள் எட்டிப் பார்த்தாள். பிறகு எனக்காக அவளே சாட்டும் சொன்னாள். "எங்கட பக்கத்துக்கும் டொலரிலதான் விலை காட்டும், அங்கையும் டொலர். வித்தியாசம் தெரிஞ்சிருக்காது உங்களுக்கு." திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

ஏன் விற்கிறாள் என்று கேட்டேன். வீட்டில் மூன்று வருடம் தந்தார்களாம். ஆடி முடியும் வரை பார்ப்போம், கையில் ஏதாவது வந்தால் தொடர்ந்து செய், வராவிட்டால் வேலைக்குப் போ என்று பேச்சு. முதல் இரண்டு கிழமை நன்றாகத்தான் போயிற்றாம். பிறகு காசு திருப்பிக் கேட்டவர்கள் வாங்கினவர்களைவிடக் கூடிவிட்டார்களாம். அவளுடைய அத்தான் கட்டாரில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்து வைத்திருக்கிறார். ஒக்டோபரில் பயணம்.

"இதுக்கு எவ்வளவு தருவீங்கள் அண்ணா?"

தொண்ணூறாயிரமாவது பெறும். கண்ணை மூடிக்கொண்டு விற்கலாம். என் வாய் "அறுபது" என்றது. ஒன்பது வருடப் பழக்கம், நானாவின் விலை தானாக வந்து விழுந்தது. திருத்திச் சொல்ல ஒரு நொடி இருந்தது. சொல்லவில்லை. அவள் பேரம் பேசவில்லை, சரி என்றாள்.

அழிக்கவா என்று திரை கேட்டது. அவள் பார்த்துக்கொண்டு நிற்க அழித்தேன். உறையை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

யூலை 26, சனி

அக்காவுடன் கதைத்தேன்.

"ஓமடா, அண்டைக்கு என்ர அட்டையைப் போடேக்க, நாடு மாறியிருக்கு மாத்தவோ எண்டு கேட்டது. ஓம் எண்டு குடுத்தனான். ஏன், ஏதும் பிழையோ?"

இல்லை அக்கா என்றேன். அவவில் என்ன பிழை? மூன்று வருடமாக எனக்கு ஒரு தரமாவது அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. நூற்றுப் பதின்மூன்று வீடியோ! அமெரிக்காக்காரனுக்குப் போட்ட விலையைப் பார்த்து இலங்கைக்காரனாக இருந்து குரைத்திருக்கிறேன். எழுபது டொலர் எண்டு கத்தினதெல்லாம்... இஞ்ச எவ்வளவோ, ஆருக்குத் தெரியும்.

முனீபுக்குத் தெரிந்திருக்கிறது. சொன்னவரை எடிட் என்று சிரித்துக் கலைத்துவிட்டேன்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு

இன்றைக்கு உண்மையைச் சொல்லி வீடியோ செய்வது என்று இருந்தேன். செய்யவில்லை.

ஓகஸ்ட் 8, வெள்ளி

போயா. நாள் முழுக்க வீட்டில். செய்யவில்லை. ஒலிவாங்கி சரியில்லை என்று சாட்டு. ஒலிவாங்கிக்கு ஒன்றும் இல்லை. ஆறாயிரம் பேர் இப்போது ஒன்பதாயிரம் ஆகிவிட்டார்கள், கூடினவர்கள் எல்லாரும் அந்த ஒரு வீடியோவால் வந்தவர்கள். அவர்கள் முன்னால் நான் முட்டாள் என்று சொல்ல வேண்டும். நான் வீரன் என்றல்லவா கேட்டுப் பழகியிருக்கிறார்கள்.

ஆர்பிஜியில் இந்தக் கட்டத்தில் மூன்று பதில் தருவார்கள். சொல்வேன். வருத்தத்தோடு சொல்வேன். என்ன தருவாய், சொல்வேன். நான் நாலாவதை எடுத்துக்கொண்டு இருக்கிறேன்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

முனீபுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தேன். இன்றைக்கு டவுனில் அலுவல் இருக்கிறது, சந்திக்கலாம் என்றார். பஸ் நிலையத்துக்கு எதிரே பிளேன்டீ குடித்தோம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அரிசி ஆலையில் நிறுவைப் பக்கம் வேலை. எழுத்தில் அண்ணா என்றவர் நேரில் தம்பி என்றார்.

"எடிட் பண்றண்டா என்னண்டே எனக்குத் தெரியா தம்பி. ஸ்கிரீன்ஷொட் எடுக்கவே மகள்தான் காட்டித் தந்த. அதப் பாத்து எல்லாரும் சிரிக்கக்குள்ள, மகளும் பாத்துட்டா. அதான் அழிச்ச."



பிறகு அந்த விளையாட்டைப் பற்றிச் சொன்னார். முழுதும் விளையாடி முடித்தவர் அவர். முதல் நாள் படகில் ஒரு தாதிக்கு இடம் இல்லை என்று விட்டுவிட்டாராம். கலியாணவீட்டுக்குப் போகிற குடும்பத்தை ஏற்றினாராம், சிரித்துக் கதைத்தார்கள் என்று. "மூணாம் மணித்தியாலத்தில அக்கரைக்குப் போனா, அந்த வீட்டுப் புள்ளைக்குக் காய்ச்சல். ஊசி போட ஆளில்ல. நான் ஏத்தாம விட்ட நேர்ஸம்மா எங்கட துறையிலயே ரெண்டு நாளா நிக்கிறா. அதுக்குப் பொறகு படகுல ஒவ்வொரு ஆளும் அதச் சொல்லிக் காட்டுற. நான் எத்தன கேம் விளையாடிரிக்கன், இப்படி ஒண்ணு என்ன வெட்கப்படுத்தினதில்ல."

மூன்றாம் மணித்தியாலம்! நான் ஒரு மணி ஐம்பதில் எழுந்து போனவன். செய்த தெரிவு திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கிற ஒரு ஆர்பிஜி வேண்டும் என்று எத்தனை வீடியோவில் கத்தியிருப்பேன். அதை ஒருத்தி சாம்பல்தீவில் ஒரு ஃபானுக்குக் கீழே இருந்து செய்து வைத்திருந்தாள்.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

செய்துவிட்டேன். ஏழு நிமிடம். பழையதை அழித்தேன். என் கணக்கு அமெரிக்காவில் இருந்தது, இலங்கைக்கு விலை 2.99தான், நான் முழுதும் விளையாடவில்லை, முனீப் சொன்னது உண்மை, செய்தவர் டொரொண்டோவில் இல்லை, எங்கள் ஊர்ப் பெண் என்று சொன்னேன். கெட்ட விமர்சனம் எழுதியவர்கள் தயவுசெய்து போய் மாற்றுங்கள் என்றேன். குரல் நடுங்கியது, வெட்டவில்லை. கடைப் புத்தகத்தில் இருந்த கௌசிகாவின் எண்ணுக்கு வீடியோவை அனுப்பினேன்.

பதில் வந்தது. "பார்த்தன் அண்ணா. நன்றி."

ஓகஸ்ட் 28, வியாழன்

பார்த்தவர்கள் நானூற்றுப் பத்து. முதல் கருத்து: "எவ்வளவு வாங்கினீங்க அண்ணே?" இரண்டாவது: "பொம்பிளைப் பிள்ளை எண்டதும் ஆள் கவிழ்ந்திட்டார்." பழைய வீடியோவை நான் அழித்தால் என்ன, வேறு இரண்டு பக்கங்களில் வெட்டிப் போட்டிருக்கிறார்கள், ஹீட்டர் வசனத்துக்குப் பாட்டுச் சேர்த்து. அது ஓடிக்கொண்டே இருக்கிறது.

விமர்சனத்தை மாற்றியவர்கள் மூன்று பேர். நாற்பத்தொன்றில் மூன்று.

கோபத்தை விற்றால் அள்ளிக்கொண்டு போகிறார்கள். திருத்தத்தைச் சும்மா கொடுத்தாலும் கை நீட்ட ஆள் இல்லை. இவர்களை நான்தான் பழக்கினேன்.

செப்டெம்பர் 9, செவ்வாய்

அந்த விளையாட்டை வாங்க வேண்டும். இலங்கை விலைக்கு, இலங்கைக்காரனாக. அமெரிக்கக் கணக்கில் பதினைந்து கொடுத்து வாங்கியிருக்கலாமே, அவளுக்குக் கூடக் கிடைக்குமே என்று யாரும் கேட்கலாம். அது அக்காவின் காசு. என் காசில், அவள் எனக்கென்று போட்ட விலையைக் கொடுக்க வேண்டும். பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான்.

நாட்டை மாற்ற இலங்கை அட்டை ஒன்றால் ஏதாவது வாங்கிக் காட்ட வேண்டுமாம். என் அட்டை 2022இல் செத்தது. வங்கிக்குப் போனேன். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு விண்ணப்பம், கையொப்பம், சம்பளக் கடிதம். "என்ன வாங்கப் போறீங்கள்?" என்று கவுண்டரில் இருந்த மிஸ் கேட்டா. கேம் என்றேன். என் தலையில் இருந்த நரையைப் பார்த்தா.

செப்டெம்பர் 22, திங்கள்

கௌசிகாவின் கணினி விற்றுப் போயிற்று. கலியாண அல்பம் செய்கிற ஸ்டூடியோக்காரர். தொண்ணூற்றையாயிரம். ஜவாஹிர் நானா என் தோளில் தட்டி, "அறுபதுக்கு அமத்தின பாரு, அது கெட்டித்தனம்" என்றார். அவவுக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்தால் என்ன நானா என்று கேட்டேன். "ஏன், சொந்தக்காரப் புள்ளையா?" என்றார். இல்லை என்றேன். அப்படியென்றால் என்ன கதை என்று போய்விட்டார்.

என் சம்பளத்தில் இருந்து இருபதாயிரம் எடுத்து உறையில் போட்டு வைத்தேன்.

செப்டெம்பர் 28, ஞாயிறு

காலையிலேயே சாம்பல்தீவுக்கு பஸ் எடுத்தேன். சந்தியில் இறங்கினேன். அவள் வீடு எது என்று ஒரு பெட்டிக்கடையில் கேட்டேன், சொன்னார்கள். படலை வரை போனேன். உள்ளே பயணப்பெட்டி ஒன்று புதிதாக, பிளாஸ்டிக் கூடக் கழற்றாமல், வாசல் கதிரையில் இருந்தது. ஆட்கள் கதைக்கிற சத்தம் கேட்டது, சிரிப்பும் கேட்டது. என்ன சொல்லிக்கொண்டு உள்ளே போவது? உங்களைக் குறைத்து மதித்த காசில் கொஞ்சம் கொண்டு வந்திருக்கிறேன் என்றா?

திரும்பி வந்துவிட்டேன். மதியம் மகளோடு டவுனுக்கு வந்திருந்த முனீபிடம் உறையைக் கொடுத்து, இரண்டு பேருமாகப் போய்க் கொடுக்கச் சொன்னேன். அவள் வாங்கவில்லை. "கேட்ட விலைக்குத்தானே வித்தனான், பிறகென்ன" என்றாளாம். முனீபுக்கும் மகளுக்கும் கூழ் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

ஒக்டோபர் 6, திங்கள்

வங்கி இன்னும் 'பரிசீலனையில்'.

ஒக்டோபர் 14, செவ்வாய்

அட்டை வந்தது. ஒரு டொலருக்கு ஏதோ ஒன்று வாங்கிக் காட்டினேன். சரிபார்க்கச் சில நாள் எடுக்குமாம்.

பக்கத்தில் வீடியோ போட்டு ஏழு கிழமை. எதைப் பற்றிக் கதைப்பது என்று தெரியவில்லை. கோபம் வந்தால்தான் எனக்குத் தமிழ் வரும் போலிருக்கிறது.

ஒக்டோபர் 21, செவ்வாய்

காலையில் மின்னஞ்சல். உங்கள் நாடு இலங்கை என மாற்றப்பட்டுள்ளது.

மதியம் இணையக் கடையைத் திறந்து பார்த்தேன். மூன்று வருடமாக நான் திட்டிய விளையாட்டுகள் வரிசையாக விலை குறைந்து நின்றன. சிலது பாதி, சிலது கால்வாசி. குறையாதவையும் உண்டு. அவற்றைத் திட்ட இன்னும் நியாயம் இருக்கிறது, எனக்குத்தான் வாய் வரவில்லை.

'ஏழாம் இறங்குதுறை' என்று தேடினேன். விலை இருக்க வேண்டிய இடத்தில் 'இலவசம்' என்று இருந்தது.

மேலே ஒரு அறிவிப்பு, பத்தொன்பதாம் தேதி போட்டது. "நாளைக்கு எனக்குப் பயணம். இனிப் பிழை வந்தால் திருத்த நான் இருக்கமாட்டேன். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத சாமானுக்கு விலை வைக்கக்கூடாது. விரும்பியவர்கள் எடுத்து விளையாடுங்கள். கௌசிகா."

இரண்டு நாளில் நாலாயிரம் பேர் எடுத்திருக்கிறார்கள். சிவப்பு எழுத்துப் போய் இப்போது நீலம், 'பெரும்பாலும் நேர்மறை'. என் ஆள் ஒருவன் எழுதியிருக்கிறான்: "இப்பதான் சரியான விலை."

காசு கொடுக்கிற பொத்தானைத் தேடினேன். நன்கொடை என்றாவது, ஆதரவு என்றாவது எங்காவது இருக்கும் என்று பக்கத்தின் அடி வரைக்கும் போய்ப் பார்த்தேன். இல்லை. 'நூலகத்தில் சேர்' என்று மட்டும் இருந்தது.

சேர்க்காமல் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஜவாஹிர் நானா கூப்பிட்டார், யாரோ மடிக்கணினி விற்க வந்திருக்கிறார்கள், வந்து விலை சொல்லு என்று.